ஆசிரியருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர்: நியூயார்க்கின் ஈக்விட்டி ப்ராஜெக்ட் பள்ளி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்ல ஆசிரியர் கிடைத்தால் பிள்ளை தேறிவிடும் என்று சொல்லாத பெற்றோர் கிடையாது. அந்தப் பேச்சை நம்பி, ஒரு பள்ளியின் வரவுசெலவுக் கணக்கையே தலைகீழாகப் போட்டுப் பார்த்த இடம் இது. இந்தப் பள்ளியைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இது எந்தப் பள்ளி? எங்கே இருக்கிறது?

முழுப் பெயர் 'தி ஈக்விட்டி ப்ராஜெக்ட் சார்ட்டர் ஸ்கூல்'. சுருக்கமாக டெப் என்பார்கள். நியூயார்க் நகரத்தில் மன்ஹாட்டன் தீவின் வடபுறத்தில் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியில் 2009 செப்டம்பரில் தொடங்கியது. மன்ஹாட்டன் என்றதும் மனதில் வரும் கண்ணாடிக் கோபுரங்கள் இங்கே இல்லை. டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைந்த பகுதி, கடைத்தெருவில் காதில் விழுவது பெரும்பாலும் ஸ்பானிஷ். வருமானம் குறைந்த வீடுகள் அதிகம்.

முதல் ஆண்டில் ஐந்தாம் வகுப்பு மட்டும்தான், 120 பிள்ளைகள். ஆண்டுக்கு ஒரு வகுப்பாகக் கூட்டி, ஐந்து முதல் எட்டு வரை 480 பேர் என்பது திட்டம்.

சார்ட்டர் பள்ளி என்றால் தனியார் பள்ளிதானே?

இல்லை. கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது, நடப்பது மக்கள் வரிப்பணத்தில். ஆனால் நிர்வாகம் நகரக் கல்வித் துறையின் கையில் இல்லை. லாப நோக்கமில்லாத ஒரு குழு அரசிடம் 'சார்ட்டர்' என்ற அனுமதி ஒப்பந்தம் வாங்கிப் பள்ளியை நடத்துகிறது. நியூயார்க்கில் இது ஐந்தாண்டு ஒப்பந்தம். பிள்ளைகள் தேறவில்லை என்றால் புதுப்பிக்க மாட்டார்கள், பள்ளியை மூடிவிட வேண்டியதுதான்.

நம் ஊர் அரசு உதவி பெறும் பள்ளியை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதியில்தான் விஷயம் இருக்கிறது: உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளத்தை அரசு நிர்ணயிக்கிறது, சார்ட்டரில் அதைப் பள்ளியே நிர்ணயித்துக்கொள்ளலாம். அந்தச் சுதந்திரம் இல்லாவிட்டால் டெப் என்ற சோதனையே நடந்திருக்காது.

இதற்கான முதல் சட்டம் 1991-இல் மினசோட்டா மாநிலத்தில் வந்தது. அடுத்த ஆண்டே செயின்ட் பால் நகரில் சிட்டி அகாடமி திறந்தது. நியூயார்க் மாநிலம் 1998 டிசம்பரில்தான் சட்டம் போட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1988-இல் இந்த யோசனையை ஊரறியப் பேசியவர் ஆல்பர்ட் ஷாங்கர், ஆசிரியர் சங்கத் தலைவர். ஆசிரியர்கள் தாங்களே புது முறைகளை முயன்று பார்க்க ஒரு இடம் வேண்டும் என்றார். பிறகு அது போன திசையைப் பார்த்து அவரே கை கழுவிவிட்டார். இன்று ஆசிரியர் சங்கங்களும் சார்ட்டர் பள்ளிகளும் எதிரும் புதிரும்.

மிடில் ஸ்கூல் என்றால் எந்த வயது?

பத்து முதல் பதினான்கு வரை. பெரும்பாலான இடங்களில் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, டெப்பில் ஐந்திலிருந்து. இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த ஆசிரியர்கள் யோசிப்பது எந்த நாட்டிலும் உள்ளதுதான்.

யார் ஆரம்பித்தது?

ஸீக் வாண்டர்ஹூக். யேல் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, கல்லூரி முடித்தவர்களை ஏழைப் பகுதிப் பள்ளிகளுக்கு ஆசிரியராக அனுப்பும் டீச் ஃபார் அமெரிக்கா திட்டத்தின் வழியாக இதே வாஷிங்டன் ஹைட்ஸில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அப்புறம் 2000-இல் மன்ஹாட்டன் ஜிமேட் என்ற பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்யும் கோச்சிங் சென்டர் அது. அங்கே அவர் கண்ட உண்மை எளிது: போட்டி நிறுவனங்களைவிடப் பல மடங்கு ஊதியம் கொடுத்து நல்ல ஆசிரியர்களைப் பிடித்தால், மாணவர்கள் தேடி வருகிறார்கள். இதையே ஏழைப் பிள்ளைகளின் பள்ளியில் செய்தால் என்ன என்று கிளம்பியதுதான் டெப்.

இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது என்பது என் எண்ணம். கோச்சிங் சென்டருக்கு வருபவர் முப்பது வயதுக்காரர், பணம் கட்டிவிட்டு, படித்தே தீர வேண்டும் என்று வருகிறார். ஐந்தாம் வகுப்புப் பையன் அப்படி வருவதில்லை. அந்தப் பள்ளத்தை டெப் முதல் ஆண்டிலேயே சந்தித்தது. கீழே வருகிறது.

அவ்வளவு சம்பளத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? நன்கொடையா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இல்லை. வகுப்பறைச் செலவு முழுவதையும் ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று அரசு தரும் தலைவீதப் பணத்திலேயே முடிப்பது என்பதுதான் பந்தயம். நன்கொடையில் சம்பளம் கொடுத்தால், "பணக்காரர் தயவில் நடக்கிறது, நாங்கள் எப்படிச் செய்வது" என்று மற்ற பள்ளிகள் தட்டிக்கழித்துவிடும் அல்லவா?

கணக்கைப் போட்டே பார்க்கலாம். தொடங்கிய காலத்தில் நியூயார்க் நகரத்தில் ஒரு சார்ட்டர் மாணவருக்கு ஆண்டுக்குக் கிடைத்தது 12,000 டாலருக்குச் சற்று மேல். பள்ளி நிறைந்த பிறகு 480 பேர் என்றால் சுமார் 57,60,000 டாலர். திட்டப்படி ஆசிரியர்கள் 28 பேர். தலைக்கு 1,25,000 என்றால் 35,00,000. அதாவது நூற்றுக்கு அறுபது டாலர் நேராக ஆசிரியர் சம்பளத்துக்கே போகிறது. மிச்சம் 22 லட்சத்துச் சொச்சத்தில் மருத்துவக் காப்பீடு, அலுவலகம், புத்தகம், மற்ற ஊழியர் எல்லாம்.

அந்த மிச்சத்தில் எப்படிச் சமாளிப்பது? துணைத் தலைமையாசிரியர்கள் இல்லை. வழக்கமான நியூயார்க் பள்ளியில் வருகைப் பதிவுக்கு ஒருவர், ஒழுங்கு நடவடிக்கைக்கு ஒருவர் எனத் தனி ஆட்கள் இருப்பார்கள். இங்கே அந்த வேலைகளை ஆசிரியர்களே பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சமூகப் பணியாளர் ஓரிருவர். விருப்பப் பாடங்களின் நீண்ட பட்டியலும் கிடையாது. ஒரு வகுப்பில் 30 பேர்.

1,25,000 என்பது அன்றைய நியூயார்க் அரசுப் பள்ளி ஆசிரியரின் சராசரிச் சம்பளத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதற்கு மேல், இரண்டாம் ஆண்டிலிருந்து பள்ளி முழுவதும் எப்படித் தேறியது என்பதைப் பொறுத்து 25,000 வரை போனஸ் என்றும் அறிவித்தார்கள்.

தலைமையாசிரியருக்கு ஆசிரியரைவிடக் குறைவான சம்பளம் என்பது உண்மையா?

உண்மை. 90,000 டாலர். வாண்டர்ஹூக்கே தலைமையாசிரியராக உட்கார்ந்து அதை வாங்கிக்கொண்டார். 2008 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் இந்தத் திட்டத்தைச் செய்தியாக்கியபோது, சம்பள உயர்வைவிட இதுதான் பல நிர்வாகிகளின் கண்ணை உறுத்தியது. தலைமையாசிரியர் சங்கத் தலைவர் பைத்தியக்காரத்தனம் என்றே சொல்லிவிட்டார்.

எனக்கு இது இந்தத் திட்டத்தின் மிக நல்ல பகுதியாகப் படுகிறது. நன்றாகப் பாடம் நடத்தும் ஒருவர் சம்பளம் கூட வேண்டுமென்றால் வகுப்பறையை விட்டு அலுவலக அறைக்குப் போயாக வேண்டும் என்பது எல்லா ஊர்ப் பள்ளிகளிலும் உள்ள நடைமுறை. அந்த ஏணியை இங்கே திருப்பிப் போட்டார்கள்.

ஆசிரியர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?

சுமார் 600 விண்ணப்பங்களில் எட்டுப் பேர். மொழித்திறன் தேர்வில் முதல் பத்து சதவீதத்துக்குள் மதிப்பெண், தன் மாணவர்கள் முன்னேறியதற்கான சான்று எனத் தாள் வேலை நிறைய. ஆனால் தாளோடு விடவில்லை. வாண்டர்ஹூக் விண்ணப்பித்தவர்களின் வகுப்பறைக்கே போய் உட்கார்ந்தார். அவர் கவனித்தது ஆசிரியரை மட்டுமல்ல, பிள்ளைகளையும். வகுப்பில் இருக்கிறோம் என்பதையே மறந்து பிள்ளைகள் எவ்வளவு நேரம் ஊன்றி இருக்கிறார்கள் என்று பார்த்தார். பாட நேரத்தில் அது எத்தனை பங்கு என்பதுதான் அவருடைய அளவுகோல். டெப்பில் ஒரு நாள் பாடம் நடத்திக் காட்டுவதும் தேர்வில் சேர்த்தி.

அந்த எட்டுப் பேரில் செய்தித்தாள்களுக்குத் தீனி போட்டவர் உடற்கல்வி ஆசிரியர். கூடைப்பந்து நட்சத்திரம் கோபி பிரையன்ட்டுக்குத் தனிப் பயிற்சியாளராக இருந்தவர் அவர்.

வேலைப் பளு எப்படி?

குறைவில்லை. பள்ளி நாளும் நீளம், பள்ளி ஆண்டும் நீளம். பாடத்தோடு மேலே சொன்ன நிர்வாகப் பொறுப்பு ஒன்று. அதோடு ஒருவர் வகுப்பில் இன்னொருவர் உட்கார்ந்து பார்த்து, முடிந்ததும் என்ன சரி, என்ன சரியில்லை என்று பேசியாக வேண்டும். இரண்டு மடங்கு சம்பளம் என்றால் ஒன்றரை ஆள் வேலை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு வகுப்பில் 30 பேர் என்பது அதிகமில்லையா?

அமெரிக்கப் பெற்றோர் முதலில் முகம் சுளிப்பது இங்கேதான். சிறிய வகுப்பு நல்லது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 1985-இல் டென்னஸி மாநிலம் தொடங்கிய ஸ்டார் ஆய்வில், 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புப் பிள்ளைகள் 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புப் பிள்ளைகளைவிட நன்றாகச் செய்தார்கள். ஆனால் அது மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கான ஆய்வு. பிறகு 1996-இல் கலிஃபோர்னியா மாநிலம் கீழ்வகுப்புகளை ஒரேயடியாக 20 பேராகக் குறைக்கப் போய், வகுப்புகள் கூடிப்போனதால் அனுபவமில்லாதவர்களை அவசர அவசரமாக எடுக்க வேண்டி வந்தது. ஏழைப் பகுதிப் பள்ளிகளில் இருந்த அனுபவசாலிகள் வசதியான பகுதிகளுக்கு நகர்ந்தார்கள்.

டெப் நேர் எதிர்த் திசையில் போனது. நடுத்தரமான ஆசிரியரோடு 20 பேரா, சிறந்த ஆசிரியரோடு 30 பேரா என்றால் இரண்டாவதே மேல் என்பது அவர்கள் கட்சி. பத்து வயதுக்கு மேல் அது பொருந்தலாம். ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பிள்ளைகளை வடிகட்டி எடுக்கிறார்களா?

குலுக்கல்தான். விண்ணப்பம் இடங்களைவிட அதிகமானால் குலுக்கல் நடத்த வேண்டும் என்பது சட்டம். டெப் அதில் இரண்டு தரப்புக்கு முன்னுரிமை கொடுத்தது: அந்த வட்டாரப் பிள்ளைகள், படிப்பில் பின்தங்கியவர்கள். பின்தங்கியவர்களுக்கு முன்னுரிமை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல மதிப்பெண் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு பெயர் வாங்குகிறார்கள் என்ற வழக்கமான குற்றச்சாட்டு இங்கே அவ்வளவு சுலபமாக ஒட்டாது. ஆனாலும் விண்ணப்பம் போடும் பெற்றோர், போடாத பெற்றோரைவிடக் கொஞ்சம் அக்கறை கூடியவர் என்ற வாதம் மிச்சம் இருக்கிறது. எந்தக் குலுக்கலும் அதைப் போக்காது.

பாடத்திட்டத்தில் என்ன விசேஷம்?

விருப்பப் பாடங்களுக்குப் பதிலாக எல்லோருக்கும் இசை, எல்லோருக்கும் லத்தீன் என்பது தொடக்கத் திட்டம். வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைக்கு லத்தீன் என்றதும் சிரிப்பு வரலாம். ஆனால் ஸ்பானிஷுக்குத் தாய்மொழியே அதுதான், ஆங்கிலத்தின் கடினச் சொற்களில் பெரும்பங்கும் அங்கிருந்து வந்தவை. மற்றபடி கணிதம், ஆங்கிலம், அறிவியல், சமூக அறிவியல்.

சரி, ரிசல்ட் என்ன?

முதல் ஆண்டு மோசம். 2010 வசந்தத்தில் எழுதிய மாநிலத் தேர்வில் பிள்ளைகள் அந்த வட்டாரத்து மற்ற பள்ளிகளைவிடக் கீழே இருந்தார்கள். கனவு அணி என்று பத்திரிகைகள் தூக்கிவைத்த பிறகு இது நல்ல குட்டு. 2011 மார்ச்சில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் 60 மினிட்ஸ் நிகழ்ச்சி இதை நேராகவே கேட்டது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே 2010 கோடையில் நியூயார்க் மாநிலம் தேர்ச்சிக்கான மதிப்பெண் கோட்டை உயர்த்தியது. நகரம் முழுக்கக் கணிதத் தேர்ச்சி 82 சதவீதத்திலிருந்து 54-க்குச் சரிந்தது. ஆக எல்லோருக்கும் அடிதான். ஆனால் அது பொதுவான சரிவு, அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கும் கீழே நின்றதற்குக் காரணமாகாது.

நான்கு ஆண்டு கழித்துக் கதை மாறியது. மேத்தமேட்டிகா என்ற ஆய்வு நிறுவனம் 2014 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, ஐந்தாம் வகுப்பில் சேர்ந்து எட்டாம் வகுப்புவரை நான்கு ஆண்டு படித்த பிள்ளைகளை, அவர்களைப் போன்ற பின்னணியும் மதிப்பெண்ணும் கொண்ட மற்ற நகரப் பள்ளிப் பிள்ளைகளோடு ஒப்பிட்டது. கணிதத்தில் டெப் பிள்ளைகள் கூடுதலாக 1.6 ஆண்டு படித்ததற்குச் சமமாக முன்னே இருந்தார்கள். அறிவியலில் 0.6 ஆண்டு, ஆங்கிலத்தில் 0.4 ஆண்டு. தொடக்க ஆண்டுகளில் பலன் கலவையாக இருந்து, பிறகுதான் ஏறியது என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது.

கணிதம் இவ்வளவு, ஆங்கிலம் இவ்வளவு குறைவா என்று கேட்பீர்கள். இது டெப்புக்கு மட்டும் உரியதல்ல. நகர்ப்புற சார்ட்டர் பள்ளிகள் பற்றிய பல ஆய்வுகளில் கணித லாபம் மொழி லாபத்தை முந்துகிறது. பின்னம் பெரும்பாலும் பள்ளியில்தான் படிகிறது, மொழி வீட்டிலும் தெருவிலும் சேர்ந்து வளர்கிறது.

அப்படியானால் சம்பளம்தான் காரணமா?

அறிக்கை அப்படிச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. சம்பளம், தேர்வு முறை, நீண்ட நாள், ஒருவரை ஒருவர் கவனிப்பது, பெரிய வகுப்பு, துணைத் தலைமையாசிரியர் இல்லாமை எல்லாம் ஒரே பொட்டலம். எது வேலை செய்தது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

என் ஊகம் இது: சம்பளம் ஆட்களை வாசல்வரை கொண்டுவந்தது. உள்ளே யார் நிலைப்பது என்பதை வேறொன்று தீர்மானித்தது. அது அடுத்த கேள்வி.

ஆசிரியர்கள் நீடிக்கிறார்களா?

இந்தப் பள்ளியைப் புகழ்பவர்கள் சட்டென்று தாண்டிப்போகும் இடம். அதே 2014 அறிக்கையின்படி, புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இரண்டாம் ஆண்டுக்குத் திரும்பவில்லை. சிலர் தாங்களே கிளம்பினார்கள், சிலருக்குப் பள்ளி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மற்ற நியூயார்க் பள்ளிகளைவிட இது மிக அதிகம்.

யோசித்துப் பாருங்கள். 600 பேரில் எட்டுப் பேர் என்ற வடிகட்டல், வகுப்பறைக்கே போய்ப் பார்த்தது, ஒரு நாள் பாடம் நடத்தச் சொன்னது, நாட்டிலேயே உயர்ந்த சம்பளங்களில் ஒன்று. இத்தனைக்குப் பிறகும் தேர்வு பல முறை தவறியிருக்கிறது. யார் நல்லாசிரியர் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பது அவ்வளவு கடினம். டெப்பின் வெற்றியில் சம்பளத்துக்கு எவ்வளவு பங்கோ, ஓராண்டு பார்த்துவிட்டு அனுப்பிவிடுவதற்கும் அவ்வளவு பங்கு இருக்கலாம். சம்பளத்தைப் பற்றிப் பேசுவது இனிப்பாக இருக்கிறது, இதைப் பேசுவது அப்படி இல்லை.

ஆசிரியர் சங்கம் உண்டா?

சங்க ஒப்பந்தம் இல்லை, நிரந்தரப் பணி உரிமையும் இல்லை. சம்பளத்தைச் சங்கம் வரவேற்கலாம். ஆனால் கேள்வி கேட்கும் ஆசிரியருக்கு என்ன பாதுகாப்பு என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானது. முந்தைய பதிலோடு சேர்த்துப் படித்தால் அது இன்னும் கனமாகிறது.

கட்டடம்?

தொடக்க ஆண்டுகளில் பெட்டி போன்ற தற்காலிக ட்ரெய்லர் வகுப்பறைகள்தான். கட்டடத்துக்கு மட்டும் நன்கொடை திரட்டுவது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஏனென்றால் அந்தக் காலத்தில் நகரம் தன் கட்டடத்தில் இடம் தராவிட்டால் வாடகைக்கென்று சார்ட்டர் பள்ளிக்குத் தனிப் பணம் கிடையாது. புதிய, விரிவாகும் சார்ட்டர் பள்ளிகளுக்கு நியூயார்க் நகரம் இடமோ வாடகை உதவியோ தர வேண்டும் என்ற விதி 2014-இல்தான் வந்தது. லட்சம் டாலர் ஆசிரியர்கள் ட்ரெய்லரில் பாடம் நடத்தியது பத்திரிகைகளுக்குப் பிடித்த காட்சி.

மற்ற பள்ளிகள் ஏன் இதைப் பின்பற்றவில்லை?

வழக்கமான அரசுப் பள்ளிகளால் முடியாது. சம்பளம் பணி ஆண்டையும் பட்டத்தையும் பொறுத்துப் படிப்படியாக ஏறும் என்பது ஒப்பந்தம். பெரிய சார்ட்டர் குழுமங்களால் முடியும், ஆனால் அவர்கள் வேறு வழியில் வளர்ந்தவர்கள்: கல்லூரி முடித்த இளைஞர்களைக் குறைந்த சம்பளத்தில் எடுத்துப் பயிற்சி கொடுத்து, நிறைய மேலாளர்களை வைத்துக்கொள்வது. அந்த மேலாளர்கள் தங்கள் பதவியையே நீக்கும் திட்டத்துக்குக் கையெழுத்துப் போடுவார்களா?

இன்னொரு தடை எண்ணிக்கை. நியூயார்க் நகர அரசுப் பள்ளிகளில் மட்டும் 70,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள். ஒரு பள்ளி 600 பேரில் எட்டுப் பேரைப் பொறுக்கலாம். எல்லாப் பள்ளிகளும் பொறுக்க ஆரம்பித்தால் மிச்சம் 592 பேர் எங்கே போவார்கள்? சம்பளம் எங்கும் உயர்ந்தால் காலப்போக்கில் வேறு துறைக்குப் போகும் திறமைசாலிகள் ஆசிரியர் வேலைக்கு வருவார்கள் என்பது டெப் தரப்பின் பதில். அதற்கு ஒரு தலைமுறை ஆகும்.

இப்போதும் அதே 1,25,000 தானா?

பிறகு 1,40,000 ஆக உயர்த்தினார்கள். பள்ளியும் நடுநிலையோடு நிற்காமல் மழலையர் வகுப்பிலிருந்தே பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது.

ஆனால் அந்த எண்ணுக்கு 2009-இல் இருந்த அதிர்ச்சி இன்று இல்லை. விலைவாசி ஏறிவிட்டது, மன்ஹாட்டன் வாடகையைச் சொல்லவே வேண்டாம். 2023-இல் நகரமும் ஆசிரியர் சங்கமும் போட்ட ஒப்பந்தப்படி, மிக மூத்த அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் சில ஆண்டுகளில் 1,50,000 டாலரைத் தாண்டுகிறது, அதுவும் பணிப் பாதுகாப்போடும் ஓய்வூதியத்தோடும். இருபது ஆண்டு அனுபவமுள்ள ஒருவருக்கு இனி டெப்புக்கு மாறப் பெரிய காரணமில்லை. ஐந்தாறு ஆண்டு அனுபவத்தோடு, அரசுப் பள்ளி ஏணியில் கீழ்ப்படிகளில் நிற்பவருக்குத்தான் அந்தச் சம்பளம் இன்னும் இழுப்பாக இருக்கும்.